தீராந்தி எவ்வளவு தொய்யும்? மலையகத்தில் கட்டட வேலை பழகுபவர்களுக்கு ஒரு கணக்கு வழிகாட்டி

"இரண்டுக்கு நாலு போதுமா, இரண்டுக்கு ஆறு போடவேண்டுமா?" ஹட்டனிலோ பண்டாரவளையிலோ எந்த மரக்காலை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும். தளத்தைத் தாங்கும் குறுக்கு மரமான தீராந்திக்கு இரண்டு அங்குல அகலமும் நாலு அங்குல உயரமும் போதுமா, ஆறு அங்குல உயரம் வேண்டுமா என்பதுதான் அது. பதில் பெரும்பாலும் பாஸின், அதாவது வேலையை நடத்தும் மேசனின் அல்லது தச்சரின், அனுபவத்திலிருந்து வரும். பழகிய அளவுக்கு அந்த அனுபவம் தவறாது. ஆனால் அவர் இருபது வருடமாகப் பத்தடி அறைகளுக்கே மரம் போட்டு வந்தவராக இருந்து, உங்கள் அறை பன்னிரண்டு அடியாக இருந்தால், அதே மரம் இரண்டு மடங்குக்கு மேல் தொய்யும். கூடியது இரண்டே அடி என்பதால் கண்ணுக்கு அது தெரியாது. கணக்குக்குத் தெரியும்.

அந்தக் கணக்கைப் படிப்படியாகச் சொல்லித்தருவதுதான் இந்தக் கட்டுரை. தொழில்நுட்பக் கல்லூரியில் முதலாம் வருடம் படிப்பவர்கள், தொழில்நுட்ப உத்தியோகத்தர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள், 7 பேர்ச் காணியில் கட்டிய வீட்டுக்கு மேல் இன்னொரு தட்டுப் போட நினைப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். தொகையீடு படித்தவர்களுக்காகப் பிற்பகுதியில் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. மற்றவர்கள் அதைத் தாண்டிப் போகலாம்.

ஒரு பீம் உடையுமா என்பது ஒரு கேள்வி, எவ்வளவு தொய்யும் என்பது வேறு கேள்வி. முதலாவது வலிமை, இரண்டாவது விறைப்பு. சாதாரண வீடுகளில் பீம் உடைந்து விழுவது அரிது. தொய்வதால் வரும் தொல்லைகளே அதிகம். பூச்சு வெடிக்கும், கதவு இறுகும், சீலிங் தகடுகளுக்கு இடையில் வாய் திறக்கும், பலகைத் தளத்தில் நடந்தால் அலுமாரிக் கண்ணாடி கிலுகிலுக்கும். தட்டைக் கூரை தொய்ந்தால் அந்தப் பள்ளத்தில் மழைநீர் தேங்கும். தேங்கிய நீரின் பாரத்தில் இன்னும் தொய்யும். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்து மழையில் இது சின்ன விஷயமல்ல.

முதலில் படம் வரையுங்கள்

ஒரு கோடு இழுத்து அதைப் பீம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கெங்கே தாங்கப்பட்டிருக்கிறது என்று குறியுங்கள். இரண்டு முனையும் சுவரில் சும்மா உட்கார்ந்திருந்தால் அது எளிய தாங்கல். ஒரு முனை சுவருக்குள் இறுகப் பிடிக்கப்பட்டு மறுமுனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது கன்டிலீவர். இரண்டு முனையும் இறுகப் பிடிக்கப்பட்டிருந்தால் நிலைத்த பீம்.

பழைய லயச் (தோட்டத்து வரிசை வீட்டுச்) சுவர்களில் தீராந்தியின் முனை கல்லுக்குள் ஓரடி புதைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இது நிலைத்த முனைதானே" என்று புதியவர்கள் எடுத்துவிடுகிறார்கள். அப்படி எடுக்கவேண்டாம். மண் சாந்தும் சுண்ணாம்புச் சாந்தும் பிடித்த சுவர் மரத்தின் முனை திரும்புவதைத் தடுக்காது. நிலைத்த பீமின் தொய்வு எளிய தாங்கலின் தொய்வில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே இந்த ஒரு தவறான எடுகோளே உங்கள் விடையை ஐந்து மடங்கு குறைத்துக் காட்டிவிடும். சந்தேகம் வந்தால் எளிய தாங்கல் என்றே எடுங்கள்.

இடைத்தூரம் என்பது சுவருக்குச் சுவர் உள்ள வெளி மட்டுமல்ல. இரண்டு பக்கமும் பீம் உட்கார்ந்திருக்கும் பகுதியின் நடுவிலிருந்து நடு வரை அளக்கவேண்டும்.

அலகுகளை இப்போதே தீர்மானியுங்கள்

அடி, அங்குலம், கிலோ, மீட்டர் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் கலப்பதால் வரும் பிழைதான் மிக அதிகம். மரக்காலையில் அங்குலத்தில் பேசுங்கள், தாளில் நியூட்டனும் மில்லிமீட்டரும் மட்டும் இருக்கட்டும். ஒரு கிலோ எடை என்பது 9.81 நியூட்டன் விசை. மீட்டருக்கு ஒரு கிலோநியூட்டன் என்பது மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டனுக்குச் சமம். இந்தக் கடைசி வசதியால்தான் நான் எப்போதும் மில்லிமீட்டரிலேயே கணக்குப் பார்க்கிறேன்.

குறியீடுகள் இவை:

சு = பீமின் நீளத்துக்குப் பரவிய சுமை (மி.மீ.க்கு நியூட்டன்)
பு = ஓரிடத்தில் விழும் புள்ளிச் சுமை (நியூட்டன்)
இ = இடைத்தூரம் (மி.மீ.)
அ, உ = பீம் வெட்டுமுகத்தின் அகலம், உயரம் (மி.மீ.)
ச = பரப்பின் இரண்டாம் திருப்பம், அதாவது வெட்டுமுகத்தின் வடிவம் வளைவை எவ்வளவு எதிர்க்கும் என்ற அளவு (மி.மீ.⁴)
ம = யங்கின் மட்டு, அதாவது பொருளின் விறைப்பு (சதுர மி.மீ.க்கு நியூட்டன்)

சுமையைக் கணக்கிடுதல்

எடுத்துக்காட்டாக ஓர் அறையை எடுப்போம். பழைய லய அறைகள் பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அப்படி ஓர் அறைக்கு மேல் பலகைத் தளம் போடுகிறோம். தீராந்திகள் குறுகிய பக்கத்துக்குப் போகின்றன. இடைத்தூரம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தீராந்திகள் இரண்டடிக்கு ஒன்று, அதாவது 600 மி.மீ. இடைவெளியில்.

நிலைச்சுமை: ஓர் அங்குலப் பலகையும் தீராந்தியின் சொந்த எடையும் சேர்ந்து சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 0.3 கிலோநியூட்டன். பாவனைச் சுமை: மனிதர்கள், கட்டில், அலுமாரி, அரிசி மூட்டை எல்லாவற்றுக்கும் சேர்த்து வீடுகளுக்குப் பிரித்தானிய நியமம் சொல்வது 1.5 கிலோநியூட்டன். அதாவது ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறக்குறைய 150 கிலோ. மொத்தம் 1.8.

ஒரு தீராந்தி தன் இரு பக்கமும் 300 மி.மீ. வரை உள்ள தளத்தைத் தாங்குகிறது. ஆகவே அதன் பங்கு 1.8 × 0.6 = மீட்டருக்கு 1.08 கிலோநியூட்டன். சு = 1.08.

பலகைக்குப் பதில் கொங்கிரீட் என்றால் கதை மாறும். கொங்கிரீட்டின் எடை கன மீட்டருக்கு 24 கிலோநியூட்டன். ஐந்து அங்குல ஸ்லப் ஒன்றின் சொந்த எடையே சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன், அதாவது மேலே நடமாடுவோரின் சுமையைவிட இரண்டு மடங்கு. வெளிநாட்டுப் பாடநூல்களில் கூரைக்குப் பனிச்சுமை சேர்த்திருப்பார்கள். நுவரெலியாவின் உறைபனி புல்லைக் கருக்கும், கூரையில் பாரமாக ஏறாது. அந்த வரியை விட்டுவிடலாம். அதற்குப் பதில் தகரக் கூரையைக் காற்று மேல்நோக்கித் தூக்கும் விசையைப் பற்றிக் கவலைப்படுங்கள். அது தனிக் கணக்கு.

வெட்டுமுகத்தின் பலம் உயரத்தில் இருக்கிறது

செவ்வக வெட்டுமுகத்துக்கு:

ச = அ × உ³ ÷ 12

இந்த மூன்றாம் அடுக்குதான் முழு விஷயத்தின் மையம். அகலத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு இரண்டு மடங்கு. உயரத்தை இரண்டு மடங்காக்கினால் எட்டு மடங்கு. பீம் வளையும்போது மேற்பக்க நார்கள் அமுங்குகின்றன, கீழ்ப்பக்க நார்கள் இழுபடுகின்றன, நடுவில் ஒரு கோட்டில் ஒன்றும் நடப்பதில்லை. அந்த நடுநிலை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி மரம் இருக்கிறதோ அவ்வளவுக்கு அது உதவும். ஓர் அடிமட்டத்தை மேசை விளிம்பில் படுக்கையாக நீட்டி நுனியை அழுத்திப் பாருங்கள். பிறகு விளிம்பை மேலாக்கி நிறுத்தி அழுத்துங்கள். சூத்திரம் விரலுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டுக்கு நாலு (50 × 100): ச = 50 × 100³ ÷ 12 = 41,66,667
இரண்டுக்கு ஆறு (50 × 150): ச = 50 × 150³ ÷ 12 = 1,40,62,500
அதே இரண்டுக்கு ஆறைப் படுக்கையாகப் போட்டால் (150 × 50): ச = 15,62,500

நிறுத்திப் போட்ட மரமும் படுத்துக் கிடக்கும் மரமும் ஒரே விலை. விறைப்பில் ஒன்பது மடங்கு வித்தியாசம்.

ஓர் எச்சரிக்கை. மரக்காலையில் இரண்டுக்கு ஆறு என்று வாங்கியது உண்மையில் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். வாள் தின்றது, சீவியது, காய்ந்து சுருங்கியது எல்லாம் போக 45 × 140 ஆக இருந்தால், ச ஏறக்குறைய 1,02,90,000 ஆகக் குறைந்துவிடும். நான்கில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகிறது. பில்லில் உள்ள அளவை நம்பாதீர்கள், கையில் உள்ள அளவைப் போடுங்கள்.

மரத்தின் மட்டு

யங்கின் மட்டு ஒரு பொருள் எவ்வளவு விறைப்பானது என்று சொல்லும் எண். உருக்குக்கு 2,00,000 என்று எடுக்கலாம். எந்தக் கடையில் வாங்கிய உருக்கானாலும் இதில் பெரிய மாற்றம் இல்லை. சாதாரணக் கொங்கிரீட்டுக்கு 25,000 முதல் 30,000 வரை. மரம்தான் சிக்கல். 8,000ஆகவும் இருக்கும், 14,000ஆகவும் இருக்கும். இனம், ஈரம், கணு, வெட்டிய வயது எல்லாம் அதை மாற்றும். மலையகத்தில் இப்போது அதிகம் கிடைப்பது யூக்கலிப்டஸ். பச்சையாக அறுத்து வந்த மரமா, காய்ந்த மரமா என்பதே பெரிய வித்தியாசம்.

தெரியாத மரமானால் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இந்தச் சோதனையைப் புதியவர்கள் எல்லோரும் ஒருதரம் செய்யவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். சூத்திரம் கையில் உயிர் பெறுவதை அங்கேதான் பார்க்கலாம்.

அதே மரத்திலிருந்து இரண்டுக்கு ஒன்று ரீப்பை ஒன்றை அறுத்தெடுங்கள். இரண்டு செங்கல் அடுக்குகளுக்கு இடையே 1.5 மீட்டர் இடைத்தூரத்தில் படுக்கையாக வையுங்கள். நடுவில் தரையிலிருந்து அதன் உயரத்தை அளந்து குறியுங்கள். பிறகு நடுவில் 10 லீட்டர் தண்ணீர் நிறைந்த கேனைத் தொங்கவிடுங்கள். ஒரு லீட்டர் தண்ணீர் ஒரு கிலோ, ஆகவே பு = 98.1 நியூட்டன் (கேனின் எடையையும் சேர்ப்பது நல்லது). திரும்ப அளங்கள். நடுவில் புள்ளிச் சுமை உள்ள எளிய தாங்கல் பீமுக்கு:

தொய்வு = பு × இ³ ÷ (48 × ம × ச)

இதைத் திருப்பினால்:

ம = பு × இ³ ÷ (48 × ச × தொய்வு)

ரீப்பையின் ச = 50 × 25³ ÷ 12 = 65,104. நடு 11 மி.மீ. இறங்கியது என்று வையுங்கள். ம = 98.1 × 1500³ ÷ (48 × 65,104 × 11) = ஏறக்குறைய 9,600. மூன்று துண்டுகளில் செய்து, மிகக் குறைந்த விடையை எடுங்கள். இங்கேயும் கனத்தைச் சரியாக அளப்பது முக்கியம். 25 என்று நினைத்தது 24 ஆக இருந்தாலே விடை நூற்றுக்குப் பத்துக்கு மேல் பிழைக்கும்.

நமது எடுத்துக்காட்டுக்கு 9,000 என்று எடுப்போம்.

இனித் தொய்வு

பரவிய சுமை தாங்கும் எளிய தாங்கல் பீமுக்கு:

தொய்வு = 5 × சு × இ⁴ ÷ (384 × ம × ச)

இரண்டுக்கு நாலு: 5 × 1.08 × 3000⁴ ÷ (384 × 9000 × 41,66,667) = 30.4 மி.மீ.
இரண்டுக்கு ஆறு: 9.0 மி.மீ.
இரண்டுக்கு ஆறு படுக்கையாக: 81 மி.மீ.

எவ்வளவு வரை பொறுக்கலாம்? வழக்கமான வரம்பு, மொத்தச் சுமைக்கு இடைத்தூரத்தில் 250இல் ஒரு பங்கு. பாவனைச் சுமையால் மட்டும் வரும் தொய்வுக்கு, கீழே பூச்சு, சீலிங் போன்ற வெடிக்கக்கூடிய வேலைப்பாடு இருந்தால், 360இல் ஒரு பங்கு. 3000 மி.மீ.க்கு இவை 12உம் 8.3உம். இரண்டுக்கு ஆறின் மொத்தத் தொய்வு 9.0, பாவனைச் சுமையால் மட்டும் 7.5. இரண்டு வரம்புக்கும் உள்ளே நிற்கிறது. இரண்டுக்கு நாலு கிட்டவும் வரவில்லை.

இரண்டுக்கு நாலில் வரும் தகைப்பையும், அதாவது மரத்தின் ஒவ்வொரு சதுர மி.மீ.யிலும் வரும் விசையையும், பார்ப்போம். நடுவில் வளைவுத் திருப்பம் (பீமை வளைக்கும் திருப்பு விளைவு) சு × இ² ÷ 8 = 12,15,000 நியூட்டன் மி.மீ. இதை அ × உ² ÷ 6 ஆல் வகுத்தால் சதுர மி.மீ.க்கு 14.6 நியூட்டன். நல்ல மரம் இதில் உடனே முறியாது. பாதுகாப்புக்காக அனுமதிக்கும் அளவைத் தாண்டியிருந்தாலும் அது நின்றுகொண்டிருக்கும். அதனால்தான் "நாங்கள் போட்டது ஒன்றும் ஆகவில்லையே" என்ற பேச்சு வருகிறது. நிற்பது உண்மை, மூன்று சென்றிமீட்டர் தொங்கிக்கொண்டு நிற்கிறது என்பதும் உண்மை.

அடுத்து வரும் யோசனை, "இரண்டுக்கு நாலையே ஓரடிக்கு ஒன்றாகப் போடலாமே." போடலாம். ஒவ்வொன்றின் சுமையும் பாதியாகும், தொய்வும் பாதியாகி 15 மி.மீ. வரும். அப்போதும் வரம்புக்கு வெளியே. இரண்டடி அகலத்துக்கு மரக் கணக்கைப் பாருங்கள்: இரண்டு இரண்டுக்கு நாலில் 16 சதுர அங்குலம், ஓர் இரண்டுக்கு ஆறில் 12. அதிக மரத்துக்குக் காசு கொடுத்து அதிகத் தொய்வை வாங்குகிறோம். தோட்டத்துச் சம்பளத்தில் சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசில் வீடு கட்டும் ஒரு குடும்பத்துக்கு இந்த நான்கு வரிக் கணக்கு செய்யும் உதவி பெரியது. புதியவர்கள் இதைக் கற்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவதும் அதனால்தான்.

இப்போது முதலில் சொன்ன பன்னிரண்டடிக்கு வருவோம். தீராந்திகளை நீண்ட பக்கத்துக்குப் போட்டால் இடைத்தூரம் 3.6 மீட்டர், 1.2 மடங்கு. நான்காம் அடுக்கில் 1.2 × 1.2 × 1.2 × 1.2 = 2.07. ஒன்பது மி.மீ. 18.7 மி.மீ. ஆகிறது. வரம்பு 14.4. இரண்டுக்கு ஆறும் இங்கே தோற்றுவிட்டது. ஆகவே முடிந்த இடத்திலெல்லாம் குறுகிய பக்கத்துக்குப் போடுங்கள். முடியாவிட்டால் நடுவில் ஒரு தாங்கு தூணோ குறுக்குப் பீமோ கொடுங்கள்.

இன்னொன்று, காலம். மரம் சுமையைத் தாங்கிக்கொண்டே இருந்தால் வருடக்கணக்கில் மெதுவாக மேலும் தொய்யும். ஈரமான காற்றில், நனைந்தும் காய்ந்தும் கிடக்கும் மரத்தில் இது கூடும். வருடத்தில் பாதி நாள் மூடுபனிக்குள் இருக்கும் ஊர்களில் நிலையான சுமையால் வரும் தொய்வு காலப்போக்கில் இரண்டு மடங்காகலாம் என்று எடுத்துக்கொள்வது நல்லது. மேல்தளத்தை அரிசி, விறகு, மரக்கறி மூட்டை அடுக்கும் களஞ்சியமாகப் பாவிப்பதென்றால், வரம்பில் சரியாக நிற்கும் மரத்தை விட்டு அடுத்த அளவுக்குப் போங்கள்.

தண்ணீர்த் தாங்கி

ஆயிரம் லீட்டர் பிளாஸ்டிக் தாங்கி இல்லாத வீடு இப்போது குறைவு. ஆயிரம் லீட்டர் என்றால் ஒரு டொன். தாங்கியோடும் பலகையோடும் 1,050 கிலோ, 10,300 நியூட்டன். இரண்டு உருக்குப் பெட்டிப் பீம்கள் சமமாகத் தாங்கினால் ஒன்றுக்கு 5,150. இடைத்தூரம் 2.4 மீட்டர், பீம் 50 × 100, தகட்டுக் கனம் 3 மி.மீ. என்று எடுப்போம்.

உள்ளே வெறுமையான வெட்டுமுகத்துக்கு, வெளி அளவின் ச இலிருந்து உள் அளவின் ச ஐக் கழிக்கவேண்டும்: (50 × 100³ − 44 × 94³) ÷ 12 = ஏறக்குறைய 11,21,000.

சுமை முழுவதும் நடுவில் விழுவதாகக் கொண்டால் (தாங்கியின் அடி அகலமானது என்பதால் இது பாதுகாப்பான எடுகோள்):

தொய்வு = 5,150 × 2400³ ÷ (48 × 2,00,000 × 11,21,000) = 6.6 மி.மீ.

பீமின் சொந்த எடைக்குப் பரவிய சுமைச் சூத்திரம் 0.1 மி.மீ. கொடுக்கிறது. இரண்டையும் கூட்டலாம், 6.7. வெவ்வேறு சுமைகளின் தொய்வைத் தனித்தனியாகப் பார்த்துக் கூட்டும் இந்த வழி மிகவும் பயன்படும். வளைவு சிறியதாக இருக்கும்வரை அது செல்லும். வரம்பு 2400 ÷ 360 = 6.7. விளிம்பில் நிற்கிறது. நானாக இருந்தால் இதை ஏற்கமாட்டேன். மழையில் துருப்பிடித்து தகடு அரை மில்லிமீட்டர் மெலிந்தால் விறைப்பும் அந்த அளவுக்குப் போய்விடும்.

பெரிய பீம் வாங்கமுடியாவிட்டால் தாங்கியை நகர்த்துங்கள். நடுவிலிருந்து விலக்கி, ஒரு சுவரிலிருந்து 600 மி.மீ. தூரத்தில் சுமை விழும்படி வைத்தால் அதே பீமின் உச்சத் தொய்வு 4.6 மி.மீ. ஆகக் குறைகிறது. செலவு ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பக்கத்துச் சுவருக்கு மொத்தச் சுமையில் முக்கால் பங்கு இறங்கும். அந்தச் சுவர் அதைத் தாங்குமா என்று பார்க்கவேண்டும்.

சூத்திரம் எங்கிருந்து வருகிறது

தொகையீடு தெரிந்தவர்களுக்கு. 1638இல் கலிலியோ சுவரிலிருந்து நீட்டிய மரத்துண்டின் நுனியில் பாரம் தொங்குவதை வரைந்து ஆராய்ந்தார். நடுநிலை அச்சு எங்கே என்பதில் அவர் பிழைவிட்டார். 1678இல் ஹூக் விசைக்கும் நீட்சிக்கும் உள்ள நேர்விகிதத்தை வெளியிட்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒய்லரும் டானியல் பெர்னூலியும் வளைவுக்கும் திருப்பத்துக்கும் உள்ள தொடர்பை அமைத்தார்கள். 1826இல் நவியேயின் விரிவுரைகள் அதைப் பொறியியலாளர் கையில் கொடுத்தன. தொடர்பு இதுதான்: ஓரிடத்தில் பீம் எவ்வளவு வளைகிறது என்பது அங்குள்ள திருப்பத்தை ம × ச ஆல் வகுத்தது.

கலிலியோவின் கன்டிலீவரையே எடுப்போம். சுவரிலிருந்து தூ என்ற தூரத்தில் திருப்பத்தின் அளவு பு × (இ − தூ).

வளைவு = பு × (இ − தூ) ÷ (ம × ச)

ஒருமுறை தொகையிட்டால் சரிவு: பு × (இ × தூ − தூ² ÷ 2) ÷ (ம × ச). சுவரில் சரிவு பூச்சியம், ஆகவே மாறிலி பூச்சியம்.

மறுமுறை தொகையிட்டால் தொய்வு: பு × (இ × தூ² ÷ 2 − தூ³ ÷ 6) ÷ (ம × ச). சுவரில் தொய்வும் பூச்சியம்.

நுனியில் தூ = இ என்று போட்டால்: தொய்வு = பு × இ³ ÷ (3 × ம × ச)

மற்றச் சூத்திரங்கள் எல்லாம் இதே வழியில் பிறந்தவை. ஒவ்வொன்றையும் ஒருதரம் கையால் எடுத்துப் பாருங்கள். பல சுமைகள் சிதறிக்கிடக்கும் பீமுக்கு 1919இல் மெக்கோலே வெளியிட்ட அடைப்புக்குறி முறையைப் பிறகு படிக்கலாம்.

இந்தச் சூத்திரங்கள் வளைந்து தாங்கும் நேரான பீம்களுக்கே உரியவை. தெமோதரையில் 1921இல் முடிந்த ஒன்பது வளைவுப் பாலம் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் அமுங்கித் தாங்குவது. 1833இல் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே முதிரை மரத்தில் போட்ட பாலமும் ஒரே வில்லாக 200 அடிக்கு மேல் தாண்டியது. வில்லின் கணக்கு வேறு.

கன்டிலீவர்: மலையகத்தில் மிகவும் கவனிக்கவேண்டியது

சரிவான காணியில் இடம் போதாது. அதனால் மேல்தட்டைச் சுவருக்கு வெளியே நீட்டுவது இங்கே வழக்கம். கணக்கு என்ன சொல்கிறது? பரவிய சுமைக்குக் கன்டிலீவரின் நுனித் தொய்வு சு × இ⁴ ÷ (8 × ம × ச). எளிய தாங்கலோடு ஒப்பிட்டால், ஒரே நீளத்துக்கு 9.6 மடங்கு. இரண்டு சுவருக்கு நடுவே நன்றாக நின்ற ஸ்லப்பை அதே கனத்தில் வெளியே நீட்டினால் என்னவாகும் என்று இந்த எண்ணே காட்டும்.

கொங்கிரீட்டில் தொய்வை மரம்போல நேராகக் கணக்கிட முடியாது. இழுபடும் பக்கம் வெடித்து ச குறைந்துவிடும். அதோடு காலம் செல்லச் செல்ல ஆரம்பத் தொய்வு இரண்டு, மூன்று மடங்காகும். அதனால் பி.எஸ். 8110 என்ற பிரித்தானிய கொங்கிரீட் நியமம் (பிரித்தானியாவில் 2010இல் மீளப்பெறப்பட்டது) ஒரு குறுக்குவழி தந்தது: இடைத்தூரத்தைப் பயன்படு ஆழத்தால் வகுத்த எண், எளிய தாங்கலுக்கு 20, பல தாங்கல்களுக்கு மேல் தொடர்ச்சியாகப் போகும் பீமுக்கு 26, கன்டிலீவருக்கு 7. பயன்படு ஆழம் என்பது அமுங்கும் விளிம்பிலிருந்து இழுவிசைக் கம்பியின் நடு வரை. ஐந்து அங்குல ஸ்லப்பில் அது ஏறக்குறைய 100 மி.மீ. ஏழால் பெருக்கினால் 700 மி.மீ., இரண்டேகால் அடி. கம்பியின் தகைப்பைப் பொறுத்து இந்த எண்ணைப் பொறியியலாளர் திருத்துவார். ஆனாலும் நான்கு அடி நீட்டவேண்டும் என்று யாராவது சொன்னால், அவரிடம் ஸ்லப்பின் கனத்தைக் கேட்கவேண்டும் என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.

அதைவிட முக்கியமானது கம்பி இருக்கும் இடம். இரண்டு சுவருக்கு நடுவில் உள்ள ஸ்லப்பில் கீழ்ப்பக்கம் இழுபடுகிறது, பிரதான கம்பி கீழே. கன்டிலீவரில் மேற்பக்கம் இழுபடுகிறது, பிரதான கம்பி மேலே. கொங்கிரீட் போடும்போது வேலையாட்கள் மேற்கம்பியில் மிதித்து நடந்து அதைக் கீழே இறக்கிவிடுவார்கள். அப்படி இறங்கிய கம்பி வெளியில் தெரியாது. முட்டுகளைக் கழற்றும் நாளில்தான் தெரியும். இது தொய்வோடு நிற்காது, உயிரை எடுக்கும். கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கதிரைக் கம்பிகள் போட்டிருக்கிறதா, நடப்பதற்குப் பலகை போட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே கொங்கிரீட் ஊற்ற விடுங்கள். கன்டிலீவரின் முட்டுகளை நுனியிலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கிக் கழற்றவேண்டும்.

கொங்கிரீட் பீமும் ஸ்லப்பும் பட்டயப் பொறியியலாளர் ஒருவரின் வரைபடமின்றிப் போடக்கூடாது. சரிவுக் காணியென்றால் அதற்கு முன்பே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு பற்றிய பரிந்துரை பெறவேண்டும். நிலம் நகர்ந்தால் பீமின் எந்தக் கணக்கும் செல்லாது.

போட்ட பிறகு அளந்து பாருங்கள்

தீராந்தியின் இரு முனையிலும் அடிப்பக்கத்தில் ஒரே கனமான சிறு கட்டைகளை வைத்து, மீன்பிடி நரம்பை இழுத்துக் கட்டுங்கள். நூலைவிட நரம்பு நல்லது. நடுவில் மரத்துக்கும் நரம்புக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். கட்டையின் கனத்திலிருந்து எவ்வளவு குறைந்திருக்கிறதோ அதுதான் தொய்வு. பலகை அடிக்கும் முன் ஒருதரம் அளந்துகொண்டால் மரத்திலேயே இருந்த வளைவைக் கழித்துவிடலாம். மரத்தில் இயற்கையாகக் கூன் இருந்தால் கூன் பக்கத்தை மேலே வைத்துப் போடுங்கள்.

சாமான் ஏற்றிய பிறகும், ஒரு மழைக்காலம் போன பிறகும் திரும்ப அளங்கள். முழுச்சுமையும் அநேகமாக ஒருநாளும் வராது என்பதால், ஆரம்பத்தில் கணக்கைவிடக் குறைவாகவே காட்டும். கணக்கு 9 மி.மீ. என்று சொல்லி, இரண்டொரு வருடத்தில் 14 ஆகியிருந்தால் அது காலத்தொய்வு, பயப்பட வேண்டியதில்லை. சாமான் ஏற்றிய சில கிழமைக்குள்ளேயே 20ஐத் தாண்டினால், அல்லது தொய்வு நிற்காமல் மாதாமாதம் கூடிக்கொண்டே போனால், மரத்தின் முனைகளைத் திறந்து பாருங்கள். சுவருக்குள் புதைந்த முனை ஈரம் குடித்து உக்கியிருப்பதே பெரும்பாலும் காரணம். நடுவில் முட்டுக் கொடுத்து, மேலே உள்ள சாமானை இறக்கி, பிறகு பொறியியலாளரைக் கூப்பிடுங்கள்.